உத்திரமேரூருக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும்போது

வெள்ளிக்கிழமை காலை 9.20. திருமழிசையில் வீட்டு வாசலில் வண்டியை உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்தது. மீட்டரில் 81406. போக வேண்டியது உத்திரமேரூர், எழுபத்தேழு கிலோமீட்டர். போய்ச் சேர வேண்டிய நேரம் மாலை நான்கு மணி. கையில் ஆறரை மணி நேரம் இருந்தது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினால்கூடப் பாதி தூரத்துக்கு மேல் போயிருக்கலாம்.

ஊர் பார்க்கக் கிளம்பவில்லை. என் மகள் கௌசிக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினேன். அவளுக்கு இருபத்து மூன்று வயது. காவாந்தண்டலத்தில் அறை எடுத்துத் தங்கி, மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்கு மூன்று மாதம் பயிற்சி முடித்தாள். உத்திரமேரூரில் ஒரு தனியார் பால் கம்பெனி, ஊர் ஊராகப் போய் ஊசி போட ஒரு ஆளைத் தேடியது. வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சொந்த வண்டி வேண்டும், ஆர்.சி. புத்தகம் வீட்டு ஆள் பெயரில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அவர்களுடைய பால் குளிரூட்டு நிலையத்துக்கு வந்து அதிகாரி எதிரில் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள்.

வேறு வண்டி வாங்க வழியில்லை. இது என் பெயரில் இருக்கும் பழைய நூறு சிசி வண்டி. கௌசியை விட இந்த வண்டிக்கு மூன்று வயது கூட. அவள் ஓட்டப் பழகியதும் இதில்தான். வாரத்துக்கு ஒரு முறை கழுவி, கம்பிக்குத் துரு வராமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஆயில்கூட நானே மாற்றினேன். மெக்கானிக்கிடம் விடவில்லை. மெக்கானிக்குகளை நான் நம்புவதில்லை. இருபத்திரண்டு வருஷம் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின் ஓட்டியவனுக்கு ஒரு ஸ்பானர் பிடிக்கத் தெரியாதா?

10.05. ஸ்ரீபெரும்புதூர். டீ பதினைந்து ரூபாய். வெந்நீரில் சர்க்கரை போட்டுக் கலர் காட்டினான். லாரிகள் இடது பக்கமும் வருகின்றன, வலது பக்கமும் வருகின்றன. நடுவில் போகிற இரண்டு சக்கர வண்டிக்காரன் உயிரோடு இருப்பது அவன் தலையெழுத்து. சுங்குவார்சத்திரம் தாண்டும்போது கௌசி போன் செய்தாள்.

"நைனா, எங்க கீற?"

"சுங்குவார்சத்திரம். வந்துக்கினே கீறேன்."

"மெதுவா வா. நான் காவாந்தண்டலத்துல ரூம்ல தான் கீறேன். மூணு மணி பஸ்ல உத்திரமேரூரு போய்ட்றேன். ஹெல்மெட்டு புச்சா வாங்கிட்டேன்."

"எவ்ளோ?"

"அத்த கேக்காத."

10.50. ராஜகுளம். மீட்டர் 81446. வலது கால் செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தேன். செருப்பு, பாதம், பேன்ட் விளிம்பு, எல்லாம் ஆயில். எஞ்சினுக்கு அடியில், ஆயிலை இறக்குவதற்கென்று ஒரு போல்ட் இருக்கும். மெக்கானிக்குகள் அதை ஆயில் நட்டு என்பார்கள். அதன் ஓரத்திலிருந்து சொட்டியது. பின் சக்கரம் வரைக்கும் நனைந்திருந்தது.

சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. நாற்பது வயது இருக்கும், லுங்கி கட்டிய ஆள், பெயர் கோதண்டன். அவன் வாயைத் திறந்ததும் சொன்னது இது.

"இன்னாண்ணா, எஞ்சினு ஒண்ணுக்குப் போவுதா?"

"சிரிக்காத. நட்டு ஒயுவுது, பாரு."

சாக்கை விரித்துப் படுத்து ஸ்பானரைப் போட்டான். திருப்பினான். இன்னும் திருப்பினான்.

"சுத்திக்கினே கீதுண்ணா. முடிவே இல்ல. கட்சிக்காரன் பேச்சு மாரி."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. போல்ட்டிலும் அது நுழைகிற ஓட்டையிலும் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரிக்குத்தான் மரை என்று பெயர். போல்ட் இரும்பு. ஓட்டை அலுமினியம். இரண்டும் மோதினால் அலுமினியம்தான் சாகும். ஓட்டையின் மரை செத்துவிட்டால் போல்ட் சும்மா சுற்றும். பிடிக்காது.

"இத்த சரியா பண்ணணும்னா லேத்துக்குப் போவணும்," என்றான் கோதண்டன். "காஞ்சிவரத்துல கீறாங்க. வண்டிய வுட்டுட்டு நாளைக்கு வான்னுவாங்க."

"நாலு மணிக்கு உத்திரமேரூர்ல நிக்கணும்யா. பொண்ணு வேலை."

அவன் சாக்கிலிருந்து எழுந்தான். பிறகு பக்கத்து வீட்டுக்குள் போய் ஒரு கைப்பிடி நூலோடு வந்தான். சிவப்புப் பட்டு நூல், தறியில் மிஞ்சிய துண்டுகள். அவன் வீடு நெசவு வீடாம். அண்ணன் இன்னும் நெய்கிறான், இவன் ஸ்பானர் பிடித்துவிட்டான்.

"இத்த இன்னா பண்ணப் போற?"

"நட்டுல சுத்தப் போறேன். எங்க வூட்டுத் தறில எந்த முளை ஆடினாலும் நாலு சுத்து பட்டு சுத்தி அடிப்போம். பத்து வருசம் அசையாது."

"தறிக்கு எஞ்சின் சூடு கெடையாதே."

"பட்டுண்ணா! சாயத்துல போட்டுக் கொதிக்க வெக்கறாங்க. அதுக்கே ஒண்ணும் ஆவல. உன் ஆயிலா செய்யப் போவுது?"

அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. சாயத் தொட்டியில் நூலை யாரும் திருகி இறுக்குவதில்லை, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உதறுவதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. போல்ட்டின் மரைப் பள்ளத்தில் பட்டைச் சுற்றினான். ஒழுங்காகத்தான் சுற்றினான், கல்யாணப் பெண்ணுக்குப் பூச்சுற்றுகிற மாதிரி. அதற்கு மேல் கருப்புப் பேஸ்ட் தடவினான். ஓட்டையில் வைத்துத் திருகினான். நின்றது. நானும் தொட்டுப் பார்த்தேன், ஆடவில்லை. எதிர்க் கடையில் நானூற்று இருபது ரூபாய்க்கு ஒரு லிட்டர் ஆயில் வாங்கி, குறைந்ததை ஊற்றி, மீதியைப் பையில் வைத்துக்கொண்டேன். பேஸ்ட் காய ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். எவ்வளவு என்று கேட்டேன்.

"துட்டு வேணாம்ணா. நட்டு நின்னா திரும்பி வரசொல்ல ஒரு டீ வாங்கிக் குடு."

12.15. ராஜகுளத்திலிருந்து கிளம்பினேன். காஞ்சிபுரம் ஒன்பது கிலோமீட்டர். ஊருக்குள் புகுந்தால் பட்டுக் கடைக்காரன்கள் காரை நிறுத்தி ஆட்களை இழுக்கிறான்கள். என் வண்டியைப் பார்த்து ஒருவனும் கையை நீட்டவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெக்கானிக் பட்டறை வரிசையாக இருக்கிறது. லேத் கடைப் பலகை மூன்று பார்த்தேன். ஒன்றில்கூட நிறுத்தவில்லை. அடியில் விரலை வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. ஒழுகாத வண்டியை எவன் பட்டறையில் நிறுத்துவான்? இப்போது கேட்டால் நிறுத்துவேன் என்பேன். அப்போது நிறுத்தவில்லை.

1.05. ஓரிக்கை பாலாற்றுப் பாலம். ஆறு என்று பெயர். மணல், முள்செடி, நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். பாலத்தைத் தாண்டியதும் ரோடு பரவாயில்லை. இரண்டு பக்கமும் நெல். அறுப்பு முடிந்த கழனியில் வைக்கோல் கட்டும் மெஷின் ஓடியது. நாற்பதில் போனேன். கௌசி வண்டி ஓட்டுவது மனதில் வந்தது. பின்னால் சினை ஊசி கேனைக் கட்டிக்கொண்டு இதே ரோட்டில் போவாள், மாட்டுக்காரர்கள் 'ஊசிக்காரம்மா வந்துட்டாங்க' என்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்படியெல்லாம் நினைத்துப் பழக்கம் இல்லை. நினைத்திருக்கக் கூடாது.

1.25. எஞ்சின் சத்தம் மாறியது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம். உடனே அணைத்தேன். பின் சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், விழாமல் நின்றது. அடியில் போல்ட் இல்லை, வெறும் ஓட்டை. அரை கிலோமீட்டர் பின்னால் நடந்தேன். ரோட்டில் ஆயில் கோடு போட்டு வழி காட்டியது. கோடு தொடங்கிய இடத்தில் போல்ட் கிடந்தது. சிவப்பு நூல் பாதி அவிழ்ந்து, வெந்து, எலி வாலைப் போல் தொங்கியது.

கோதண்டனை அந்த வெயிலில் நின்று திட்டினேன். எழுத முடியாத வார்த்தைகள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தள்ளிப் போனாள். திரும்பி வரும்போது ராஜகுளத்தில் இறங்கி இந்தப் போல்ட்டை அவன் மூஞ்சியில் எறிவது என்று முடிவு செய்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டியைத் தள்ளினேன். ஒன்றே கால் கிலோமீட்டர்.

1.55. மாகரல். மீட்டர் 81472. உத்திரமேரூருக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர். பம்புசெட்டு, டிராக்டர் சாமான் செய்கிற ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. அதை வைத்திருப்பவர் ஏகாம்பரம், ஐம்பத்தைந்து வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. சாப்பிட உட்கார இருந்தவர், நாலு மணிக்குள் பெண்ணிடம் வண்டியைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னதும் டிபன் பாக்ஸை மூடினார். போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எஞ்சினுக்குப் பட்டுப் பொடவ கட்டி வுட்டது யாரு?"

"ராஜகுளத்துல ஒரு நாய்."

"அவன திட்டாத." நூலை உரித்து எறிந்தார். அதற்குக் கீழே போல்ட்டின் மரைக்குள் வெள்ளையாக ஒரு கம்பிச் சுருள் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினார். "இத்த பாரு. இதான் உன் ஓட்டையோட மரை. முழுசா உரிஞ்சி நட்டோட வந்துட்டுகீது. இது அவன் பண்ண வேல இல்ல. அவன் கைக்கு வர்றதுக்கு முன்னயே செத்துப் போச்சு. யாரோ பைப்பு போட்டு இஸ்துகீறான். கடைசியா யாரு கயட்னது?"

"ஒரு மெக்கானிக்கு," என்றேன்.

"கைய ஒடைக்கணும் அவன."

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இதுதான். வாஷர் புதுசு போடாமல் பழசையே போட்டேன். இறுக்கிய பிறகும் ஒரு சொட்டு கசிந்தது. ஸ்பானர் முனையில் இரண்டடி இரும்புப் பைப்பைச் செருகி இழுத்தேன். இறுகியது, இறுகியது, பிறகு சட்டென்று கை லேசாகிப் போனது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி. அந்த லேசு என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நல்லா டைட் ஆயிட்டுச்சு என்று எனக்கே சொல்லிக்கொண்டு கையைக் கழுவினேன்.

பைப் போட்டு இழுப்பது பிரஸ் கடைப் பழக்கம். அங்கே அச்சு போல்ட் லூசாக இருந்தால் கை போகும். எனக்கு அடுத்த மெஷினில் இருந்தவனுக்கு மூன்று விரல் போனது. அன்றிலிருந்து எந்தப் போல்ட்டையும் இறுக்கிய பிறகு இன்னும் ஒரு இழுப்பு இழுப்பேன். அது இரும்பு, தாங்கியது. வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூட அப்படித்தான் திருகுவேன். கௌசி சிரிப்பாள். 'நைனா மூடின குயாய தொறக்க போலீசு வரணும்' என்பாள்.

2.10. ஏகாம்பரம் வேலையைத் தொடங்கினார். சாகாத மரை வேண்டுமென்றால் ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே எஃகுச் சுருள் வைக்க வேண்டுமாம். அந்தச் சுருள் அவரிடம் இல்லை. காஞ்சிபுரம் போய்த் தேட வேண்டும், இன்றைக்கு ஆகாது. இன்னொரு வழி, பன்னிரண்டு எம்.எம். ஓட்டையைப் பதினாலாக்கிப் புதிதாக மரை வெட்டி, பதினாலு போல்ட் செய்து போடுவது.

"ஆனா ஓட்டையச் சுத்தி சதை கம்மியா கீது. பதினாலுக்கு மேல தாங்காது. இதான் கடைசி சான்சு. இது போனா எஞ்சின் கேஸு, இந்த அலுமினிய ஓடே போச்சு. வேற கேஸு போட்டா எஞ்சின் நம்பரு மாறிடும். இதோ பாரு, நம்பரு அடிச்சிகீறதே இந்தப் பாதிலதான். புக்குல ஒரு நம்பரு, வண்டில ஒரு நம்பரு கீதுன்னா, உன் பொண்ணை ரோட்ல நிறுத்தி திருட்டு வண்டின்னுவான்."

"பண்ணுங்க," என்றேன்.

வண்டியைச் சாக்கின் மேல் படுக்க வைத்தோம். மரை வெட்டுகிற ஆணிக்கு டேப் என்று பெயர். அதன் பள்ளத்தில் கிரீஸ் அப்பினார். வெட்டுகிற துகள் எஞ்சினுக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளுமாம். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ். மறுபடி அரை, மறுபடி கால். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. நான் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீ நின்னா எனக்குக் கை ஓட்ல. போய் உக்காரு."

கௌசி போன் செய்தாள். சொன்னேன்.

"மாகரல்ல இன்னா பண்ற?"

"சின்ன வேலைம்மா. ஆயில் நட்டு. முட்ச்சிட்டு வந்துட்றேன்."

"மரை போச்சா நைனா?"

"மரை வெட்டிக்கினு கீறாங்க. நாலுக்குள்ள வந்துருவேன்."

2.40. மரை முடிந்தது. டீசல் ஊற்றி ஓட்டையைக் கழுவினார். விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். கோலிக்குண்டு வழவழப்பில் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. புதுக் கம்பெனி வண்டியில்கூட இப்படி இருக்காது. போல்ட் கடைய லேத் ஓட வேண்டும். அதற்கு மூணு ஃபேஸ் கரண்ட் வேண்டும். அது இந்தப் பக்கம் மூன்று மணிக்குத்தான் வரும். மோட்டார் வைத்திருக்கிற ஊரெல்லாம் அந்த மூன்று மணிக்குக் காத்திருக்கிறது. நானும் காத்திருந்தேன். ஏகாம்பரம் டிபன் பாக்ஸைத் திறந்து பாதிச் சோற்றை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினார். புளிக்குழம்பு. இரண்டு வாய் எடுத்துவிட்டு மறுபடி மணியைப் பார்த்தேன்.

3.02. கரண்ட் வந்தது. லேத் ஓடியது. டிராக்டர் போல்ட் ஒன்றைக் கடைந்து பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்தார். செம்பு வாஷர் புதிதாகப் போட்டார். கையால் திருகினார், கடைசியில் ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து ஒரு சின்னத் தள்ளு. அவ்வளவுதான்.

"இவ்ளோதானா டைட்டு?" என்று கேட்டேன்.

"இவ்ளோதான். இது அலுமினியம்ணா, இரும்பு கெடையாது. வாஷரு உக்காந்துச்சின்னா முட்ஞ்சிது. இதுக்கு மேல தொடாத."

3.20. பையில் இருந்த ஆயிலை ஊற்றினேன். போதவில்லை, அவரிடமிருந்த டின்னிலிருந்து மீதி. உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. கல் சத்தம் இல்லை. எஞ்சின் கெட்டுப்போகவில்லை. பதினோரு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம், நாலுக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நிற்பேன். எனக்குக் கண் கலங்கியது. இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார், முந்நூறு கொடுத்தேன். சில்லறை எடுக்கவும் கை கழுவவும் பின் பக்கம் போனார்.

குனிந்து அடியில் பார்த்தேன். போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு தொங்கியது.

ஒரே ஒரு சொட்டு.

வழியில் மறுபடி விழுந்தால்? பதினோரு கிலோமீட்டரில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். கௌசி ஓட்டும்போது விழுந்தால்? பின் சக்கரத்தில் ஆயில் பட்டு அவள் லாரிக்கு அடியில் போனால்? இதெல்லாம் நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது நினைத்தேனா தெரியவில்லை. கை அதற்குள் ஸ்பானரை எடுத்துவிட்டது. லேத் மேஜைக்குக் கீழே பைப் இருந்தது. எந்தப் பட்டறையிலும் ஒரு பைப் இருக்கும். செருகினேன்.

இன்னும் ஒரு இழுப்பு.

முறுக்கு உடைகிற சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஓட்டையிலிருந்து கேஸின் ஓரம் வரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. அதன் வழியாக ஆயில் வந்தது. முதலில் சொட்டு, பிறகு ஒழுக்கு.

ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது ரூபாய் நோட்டு கையில் இருந்தது. பைப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சொட்டுச்சி," என்றேன். "ஒரு சொட்டு தொங்குச்சி."

"அது நான் கழுவின டீசல்ணா," என்றார்.

அவர் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. எஞ்சினை அணைத்தார். அடியில் ஒரு தட்டை வைத்தார். சைக்கிள் டயர் வெட்டுகிற கத்தியால் ஏதோ சுரண்டிப் பார்த்தார், பேஸ்ட் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை.

"வெல்டிங்?" என்று கேட்டேன்.

"ஆயில் குட்ச்ச அலுமினியம். ஒட்டாது. காஞ்சிவரத்துல கேட்டுப் பாரு, எஞ்சின எறக்கணும், நாலஞ்சி நாளு. நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "நேத்து கயட்ன மெக்கானிக்கு நீதானா?" என்றார்.

தலையை ஆட்டினேன். ஐம்பது ரூபாயை என் சட்டைப் பையில் வைத்தார். முந்நூறில் மீதி இருநூற்றைம்பதையும் திருப்பிக் கொடுக்க வந்தார். வாங்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டேன்.

3.55. பஸ். மாகரலிலிருந்து உத்திரமேரூர் பதினைந்து ரூபாய். வெங்கச்சேரியில் செய்யாற்றைத் தாண்டும்போது டிரைவர் நிறுத்தி ஒரு மூட்டை வெள்ளரிக்காய் ஏற்றினான். ஏற்றுகிறவனும் டிரைவரும் யார் வீட்டுக் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "யோவ் எடுய்யா வண்டிய!" என்று கத்தினேன். "இன்னா பெர்சு, பேஜாரு பண்ணாத. நீ போய்தான் ஊர் தெறக்கணுமா?" என்றான் கண்டக்டர். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள்.

4.25. உத்திரமேரூர். ஓட்டுப் போடுவதைப் பற்றிய கல்வெட்டு இருக்கிற கோயிலைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நான் அதன் பக்கமாகத்தான் ஓடினேன், திரும்பிப் பார்க்கவில்லை. குளிரூட்டு நிலையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எண்ணூறு மீட்டர் இருக்கும். வெளியே வேப்ப மரத்தடியில் கௌசி நின்றுகொண்டிருந்தாள். கையில் நீல ஹெல்மெட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ரோட்டில் வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வண்டி இல்லாமல் வருகிற என்னைப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆனது.

உள்ளே போனேன். அதிகாரி சின்னப் பையன், முப்பது வயது இருக்காது. என்னை உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் கேட்டேன். கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, கெஞ்சினாலும் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும்.

"நாலரை வரைக்கும் வெயிட் பண்ணேன் சார். திங்கக்கிழமை காலைல இருவது மாட்டுக்கு ஊசி போடணும். நாள் தள்ளினா சினை நிக்காது. மாடு வெயிட் பண்ணாது சார்."

பட்டியலில் அடுத்த ஆள் சாலவாக்கத்துப் பையன். ஸ்கூட்டரோடு வாசலில் நின்றான். நல்ல பையன் மாதிரிதான் இருந்தான். அவனைத் திட்டவும் காரணம் கிடைக்கவில்லை. கேனைத் தூக்கி அவன் வண்டியில் கட்டினார்கள்.

கௌசியும் நானும் மரத்தடியில் நின்றோம்.

"வண்டி எங்க நைனா?"

"மாகரல்ல."

"மரை வெட்டினாங்கன்னியே."

"வெட்டினாங்க. நல்லாதான் வெட்டினாரு."

"அப்புறம்?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"பைப்பு போட்டியா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருக்கலாம். காய்ச்சல்காரனிடம் மாத்திரை போட்டியா என்று கேட்கிற குரலில் கேட்டாள். பிறகு அவளே, "சரி வுடு. சாப்ட்டியா?" என்றாள். காவாந்தண்டலத்து அறையில் கூட இருக்கிற பெண்ணோடு இரண்டு நாள் இருந்து சாமான் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். ஹெல்மெட்டைக் கடையில் திரும்பி வாங்குவார்களா என்று என்னைக் கேட்டாள். உறை பிரிக்காததால் வாங்குவார்கள் என்றேன்.

5.15. காஞ்சிபுரம் பஸ். மாகரல் வந்தபோது பட்டறை இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டேன். ஓரிக்கைப் பாலம். அதே மணல். காஞ்சிபுரத்தில் இறங்கிப் பூந்தமல்லி பஸ் மாறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

ஏகாம்பரம் திருப்பிக் கொடுத்த பழைய போல்ட் பையில் இருந்தது. நூல் துணுக்கு இரண்டு இன்னும் அதில் ஒட்டியிருந்தது. ராஜகுளத்தில் இறங்குவது என்று மதியம் ஒன்றரை மணிக்குச் செய்த முடிவை நான் மாற்றவில்லை. யாரையாவது ஒரு ஆளை அன்றைக்கு நான் அடித்தே ஆக வேண்டும் போலிருந்தது. பஸ் ஏறியதிலிருந்து வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

6.35. ராஜகுளம். பஸ் சரியாக அவன் கொட்டகைக்கு எதிரில் நின்றது. இன்னும் வெளிச்சம் இருந்தது. கோதண்டன் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். எழுந்து, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, பஸ் பக்கத்தில் வந்தான்.

"இன்னாண்ணா, பஸ்ஸுல வர! நட்டு நின்னுச்சா?"

போல்ட் என் கைக்குள் இருந்தது.

"நின்னுச்சுப்பா," என்றேன்.

"வண்டி?"

"பொண்ணுகிட்ட குட்த்துட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. பின்னால் திரும்பி, பக்கத்து வீட்டைப் பார்த்து, "டேய் அண்ணா, நம்ம பட்டு உத்திரமேரூரு போய்ட்டுச்சிடா!" என்று கத்தினான். பிறகு என்னிடம், "டீ பாக்கி கீது, மறந்துடாத. பொண்ணை நல்லா ஓட்டச் சொல்லு," என்றான்.

பஸ் கிளம்பியது. திருமழிசைக்கு நாற்பது கிலோமீட்டர். வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் என் ஸ்பானரும் அந்த இரண்டடிப் பைப்பும் தொங்குகின்றன.